ஸ்ரீவித்யா: பைரவியும் கல்யாணியும்

ஸ்ரீவித்யா (ஜூலை 24, 1953 – அக்டோபர் 19, 2006) தமிழ், மலையாளத் திரைப்படங்களிலும் மலையாளத் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தவர். கர்நாடக இசைக்கலைஞர் எம்.எல். வசந்தகுமாரியின் மகள். கேரள அரசின் சிறந்த நடிகைக்கான விருதை மூன்று முறை பெற்றவர். தமிழ்ப் பார்வையாளர்களுக்கு அவர் முதன்மையாக 'அபூர்வ ராகங்கள்' பைரவி, 'தளபதி' கல்யாணி. இந்த இரண்டு பாத்திரங்களுக்கும் இடையில் பதினாறு ஆண்டுகள் உள்ளன. அந்தப் பதினாறு ஆண்டுகளில் தமிழ்த் திரையுலகம் அவரை எப்படிப் பயன்படுத்தியது, எதைப் பயன்படுத்தாமல் விட்டது என்பதே அவருடைய நடிப்பு வாழ்க்கையைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

பின்புலம்

ஸ்ரீவித்யா சென்னையில் பிறந்தார். தந்தை விகடம் கிருஷ்ணமூர்த்தி நகைச்சுவைக் கலைஞர். மகள் பிறந்த சிறிது காலத்திலேயே அவர் நோயால் நடிப்பைக் கைவிட நேர்ந்தது. குடும்பத்தின் பொறுப்பு முழுக்க வசந்தகுமாரியின் கச்சேரிகளை நம்பி இருந்தது. தாய்க்குத் தன்னுடன் செலவிட நேரமே இருந்ததில்லை என்று ஸ்ரீவித்யா பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

எம்.எல்.வி. என்று அறியப்பட்ட வசந்தகுமாரி ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் மாணவி. அவருடைய தாய் லலிதாங்கியும் பாடகி. புரந்தரதாசர் கீர்த்தனைகளைப் பரப்பியவர்களில் ஒருவர். 1977-ல் எம்.எல்.வி. சங்கீத கலாநிதி விருது பெற்றார். ஆக, ஸ்ரீவித்யா மூன்று தலைமுறை இசை இருந்த வீட்டில் வளர்ந்தவர். இசையும் நடனமும் கற்றார். கச்சேரி என்பது அவருக்கு வீட்டுச் சங்கதி. பாடகி எப்படி மேடை ஏறுவார், பாடி முடித்தபின் எவ்வளவு களைத்திருப்பார், ரசிகர்களைப் பார்த்துச் சிரிக்கும் அதே முகத்தில் வீட்டுக் கவலை எப்படி நிற்கும் என்பதெல்லாம் அவர் சிறுமியாக இருந்தபோதே பார்த்தவை. இதை இங்கே விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. பைரவி ஒரு பாடகி. பெற்ற மகளுக்குத் தாயாக இருக்க முடியாமல் போன பாடகி.

தொடக்ககாலப் படங்கள்

1967-ல் ஏ.பி. நாகராஜனின் 'திருவருட்செல்வர்' படத்தில் ஸ்ரீவித்யா அறிமுகமானார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. 1969-ல் 'சட்டம்பிக்கவல' என்ற மலையாளப் படத்தில் சத்யனுக்கு இணையாக நடித்தார். சத்யன் அவரைவிட நாற்பது வயது மூத்தவர். அக்கால வழக்கம் அது என்று கடந்து போகலாம். ஆனால் நடிகனின் வயது எவருக்கும் பொருட்டாக இருந்ததில்லை, நடிகையின் வயது எப்போதும் பொருட்டாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருபவை தெளிவாகும்.

தமிழில் கே. பாலசந்தரின் 'நூற்றுக்கு நூறு' (1971), 'வெள்ளி விழா' (1972), 'சொல்லத்தான் நினைக்கிறேன்' (1973) ஆகிய படங்களில் நடித்தார். 'டெல்லி டு மெட்ராஸ்' (1972) படத்தில் ஜெய்சங்கருக்குக் கதாநாயகி. இவற்றில் 'சொல்லத்தான் நினைக்கிறேன்' மட்டுமே பின்னால் வரப்போவதற்கு அடையாளம் காட்டுவது. ஒரே இளைஞனை விரும்பும் மூன்று சகோதரிகளின் கதை அது. மனதில் உள்ளதைச் சொல்லாமல் இருப்பதே அதில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பேசாத நேரத்தில் முகம் என்ன செய்யும் என்பதை பாலசந்தர் அங்கே கவனித்திருக்க வேண்டும்.

அபூர்வ ராகங்கள்

1975 ஆகஸ்டில் வெளிவந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தின் கதை வேதாளம் விக்கிரமாதித்தனிடம் போட்ட புதிரிலிருந்து எழுந்தது. இளைஞன் பிரசன்னா (கமல்ஹாசன்) தன்னைவிட மூத்தவளான பாடகி பைரவியை விரும்புகிறான். பைரவியின் மகள் ரஞ்சனியை (ஜெயசுதா) பிரசன்னாவின் தந்தை மகேந்திரன் (மேஜர் சுந்தர்ராஜன்) மணக்க நினைக்கிறார். இரண்டு திருமணங்களும் நடந்தால் யார் யாருக்கு என்ன உறவு? பைரவி தான் பெற்ற மகளை வளர்ப்பு மகள் என்று உலகிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவளைக் கைவிட்டுச் சென்ற பாண்டியனாக ரஜினிகாந்த் அறிமுகமானார்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது 'வயதில் மூத்த பெண்' என்ற சொல் தவறாமல் வரும். உண்மையான வயதுகளைப் பார்க்கலாம். படம் வந்தபோது ஸ்ரீவித்யாவுக்கு 22. கமல்ஹாசனுக்கு 20, இருவருக்கும் வித்தியாசம் பதினைந்து மாதம் போலத்தான். மகளாக நடித்த ஜெயசுதா ஸ்ரீவித்யாவைவிட ஐந்து வயதே இளையவர். ரஜினிகாந்த் அவரைவிட மூத்தவர். அதாவது பைரவியின் வயது முழுக்க முழுக்க நடிப்பால் உருவாக்கப்பட்டது. ஒப்பனையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நரை இல்லை, கண்ணாடி இல்லை. நிதானமான நடை, எதற்கும் உடனே பதில் சொல்லாத பேச்சு, எதிரில் இருப்பவனின் துடிப்பைச் சற்று தள்ளி நின்று பார்க்கும் கண்கள் ஆகியவற்றால் அவர் அந்த வயதைக் கொண்டு வந்தார்.

பைரவி ஒரு முழுமையான பெண். அவளுக்குத் தொழில் இருக்கிறது, புகழ் இருக்கிறது, தனி வீடு இருக்கிறது, மறைக்க வேண்டிய கடந்தகாலம் இருக்கிறது. தன்னை ஒருவன் விரும்புவதை அறிந்து அவள் முதலில் அதிர்ச்சி அடைவதில்லை, வேடிக்கையாகப் பார்க்கிறாள். பிறகு கலங்குகிறாள். அந்த இரண்டுக்கும் இடையிலான மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று சுட்டிக்காட்ட முடியாதபடி ஸ்ரீவித்யா அதை நடித்தார். 1970-களின் தமிழ் சினிமாவில் கணவன் இல்லாத, குழந்தை உள்ள பெண் அனுதாபத்துக்கு உரியவளாக இருக்கலாம், தியாகியாக இருக்கலாம். ஆசைப்படத்தக்கவளாக, தானும் ஆசைப்படக்கூடியவளாக இருக்க முடியாது. பைரவி அப்படி இருந்தாள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா நாடகம் பார்த்து, கச்சேரி கேட்டுப் பழகிய நடுத்தர வர்க்கம்தான் பாலசந்தரின் முதல் ரசிகர்கள். எம்.எல்.வி.யின் மகள் கச்சேரி மேடையில் பாடகியாக அமர்ந்திருப்பதை, அவள் யார் என்று தெரிந்தே அவர்கள் பார்த்திருப்பார்கள்.

ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். பைரவிக்குக் குரல் கொடுத்தவர் வாணி ஜெயராம். அதற்காக அவர் தேசிய விருது பெற்றார்; அந்தப் பாராட்டில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆனால் முறையாகப் பாடத் தெரிந்த நடிகை பாடகியாக நடித்து, அதில் அவர் குரல் ஒலிக்கவில்லை. ஸ்ரீவித்யாவின் பாட்டு தமிழ்ப் படத்தில் கேட்டது வெகுகாலம் கழித்து, 'அமரன்' (1992) படத்தில். அதுவும் ஒரு விளையாட்டுப் பாடல்.

படத்தின் முடிவில் இரண்டு திருமணங்களும் நடப்பதில்லை. தாயும் மகளும் சேர்கிறார்கள், தந்தையும் மகனும் சேர்கிறார்கள். பாலசந்தர் புதிரைப் போட்டுவிட்டு விடை சொல்லும் இடத்தில் பின்வாங்கினார் என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் அந்த முடிவுக்கு வேறொரு விளைவும் இருந்தது. கடைசிக் காட்சியில் பார்வையாளர் மனதில் நிற்பது காதலியான பைரவி அல்ல, தாயான பைரவி. தமிழ் சினிமா அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

தாய் வேடங்கள்

'அபூர்வ ராகங்கள்' தெலுங்கில் 'தூர்ப்பு படமர' (1976) என்று எடுக்கப்பட்டபோது அதே வேடத்தில் ஸ்ரீவித்யாவே நடித்தார். தமிழில் அதன் பிறகு அவருக்கு பைரவியைப் போல இன்னொரு பாத்திரம் அமையவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் திரும்பவும் தமிழில் நன்றாகத் தெரியத் தொடங்கியபோது தாயாகவும் மாமியாராகவும் இருந்தார்.

'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் அவர் கமல்ஹாசனின் தாய். அதே படத்தில் தந்தை வேடமும் கமல்ஹாசனே என்பதால் முதல் சில நிமிடங்களுக்கு மனைவியும்கூட. ஒரே படத்தில் ஒரே நடிகனுக்கு மனைவியாகவும் தாயாகவும் அவர் வருகிறார்; தந்தையும் மகனுமாக வரும் நடிகனோ அடுத்த ரீலில் காதல் பாட்டுப் பாடப் போய்விடுகிறார். அதே ஆண்டில் வந்த 'மாப்பிள்ளை' படத்தில் ரஜினிகாந்துக்கு மாமியார். 1991-ல் 'தளபதி' படத்தில் அவருக்கே தாய். அப்போது ஸ்ரீவித்யாவுக்கு 38 வயது, ரஜினிகாந்துக்கு 40.

இது ஸ்ரீவித்யாவுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 'அவர்கள்' (1977) படத்தில் ரஜினிகாந்தின் மனைவியாக நடித்த சுஜாதா 'பாபா' (2002) படத்தில் அவருக்குத் தாயானார். ஆனால் சுஜாதாவுக்கும் லட்சுமிக்கும் தமிழில் ஒரு நடுப்பருவம் கிடைத்தது. மணமான பெண்ணாக, வேலைக்குச் செல்லும் பெண்ணாக, தன் முடிவைத் தானே எடுப்பவளாக அவர்கள் சில ஆண்டுகள் நடித்தார்கள். லட்சுமிக்கு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வாய்த்தது. ஸ்ரீவித்யா 22 வயதிலேயே நடுவயதை நடித்துக் காட்டிவிட்டதால் அந்தப் பருவமே அவருக்கு இல்லாமல் போயிற்று. ஒரு வேடத்தை நன்றாகச் செய்ததற்குத் தமிழ்த் திரையுலகம் கொடுத்த பரிசு இது.

'மாப்பிள்ளை' பற்றி ஒரு சொல். அது வழக்கமான மாமியார்–மருமகன் சவால் கதை. தெலுங்குப் படத்தின் மறுஆக்கம். அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அதில் ஸ்ரீவித்யா உற்சாகமாக நடித்திருக்கிறார். பணத்திமிர் கொண்ட ராஜராஜேஸ்வரியின் புருவத்தையும் நடையையும் அவர் அனுபவித்துச் செய்வது தெரிகிறது. கண்ணீர் சிந்தாத வேடம் கிடைத்த மகிழ்ச்சியாக இருக்கலாம்.

கல்யாணி

மணிரத்னத்தின் 'தளபதி' கர்ணன் கதையை இக்காலத்தில் நிறுத்தியது. கல்யாணி அதில் குந்தி. சிறுமியாக இருக்கும்போதே குழந்தை பெற்று, அதைச் சரக்கு ரயிலில் விட்டுவிட்டவள். பின்னர் மணமாகி, இன்னொரு மகனைப் பெற்று வளர்த்தவள்.

இதையும் பைரவியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியவரும். இருவரும் மணமின்றித் தாயானவர்கள். இருவரும் அதை மறைத்தவர்கள். இருவரையும் குழந்தை வந்து கேள்வி கேட்கிறது. பெயர்கூட இரண்டும் ராகப் பெயர்கள். வேறுபாடு என்னவென்றால், பைரவிக்கு அந்த ரகசியத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருந்தது. கல்யாணிக்கு அது இல்லை. அவள் என்ன படித்தாள், என்ன பிடிக்கும், கணவனுடன் எப்படிப் பேசுவாள் என்பதைப் படம் சொல்வதில்லை. அவள் காத்திருக்கிறாள், அழுகிறாள். இடையில் கணவனாக வருபவர் ஜெய்சங்கர். 'டெல்லி டு மெட்ராஸ்' ஜோடி பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வயதான தம்பதியாகச் சந்திக்கிறது.

இவ்வளவு குறைவாக எழுதப்பட்ட வேடம் ஏன் இன்றும் நினைவில் நிற்கிறது? கோயிலில் தாயும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் நிற்கும்போது தொலைவில் ரயிலின் ஓசை கேட்கும் காட்சியைப் பார்க்க வேண்டும். அங்கே வசனம் இல்லை. ரயில் ஓசை இருவருக்கும் ஒரே காயத்தை நினைவூட்டுகிறது. ரஜினிகாந்தின் முகத்தில் அது கோபம் கலந்த வலியாகத் தெரிகிறது. ஸ்ரீவித்யாவின் முகத்தில் அது புதிதாக வந்ததாகத் தெரியவில்லை. தினமும் பலமுறை கேட்டு, தினமும் பலமுறை அடக்கிக்கொண்ட ஒன்றாகத் தெரிகிறது. இத்தனை ஆண்டுகளாக இந்தப் பெண் ஒவ்வொரு ரயிலுக்கும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று பார்வையாளர் தாமாகவே புரிந்துகொள்கிறார். எழுதப்படாத வாழ்க்கையை நடிகை அங்கே எழுதிவிடுகிறார். சந்தோஷ் சிவனின் ஒளியும் இளையராஜாவின் இசையும் துணை நிற்கின்றன என்றாலும், அந்த முகம் இல்லாமல் அவை தனியே இதைச் செய்திருக்க முடியாது.

ஸ்ரீவித்யாவின் கண்களைப் புகழாதவர் இல்லை. பெரிய கண்கள், அழகிய கண்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கம். அவருடைய கண்களின் சிறப்பு அளவில் இல்லை. மற்றவர் பேசும்போது அவை செய்யும் வேலையில் இருக்கிறது. அவர் நல்ல கேட்பவர். எதிரில் இருப்பவரின் வசனம் முடியும் முன்பே அதற்கான பதில் அவர் கண்ணில் தோன்றி, பிறகு வாயில் வேறொன்றாக வெளிப்படும். மறைப்பவர்களின் வேடம் அவருக்குப் பொருந்தியதற்கு இதுவே காரணம். இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு வாய்க்கும் பழக்கம் இது என்று சொல்லத் தோன்றுகிறது, நிரூபிக்க முடியாது.

மலையாளத்தில்

அதே ஆண்டுகளில் கேரளத்தில் நடந்தது வேறு. ஏ. வின்சென்ட் இயக்கிய 'செண்ட' (1973) முதல் அங்கே அவர் நிலையான கதாநாயகி. 1979-ல் 'இடவழியிலே பூச்ச மிண்டாப்பூச்ச', 'ஜீவிதம் ஒரு கானம்' ஆகிய படங்களுக்காகவும், 1983-ல் 'ரசன' படத்துக்காகவும், 1992-ல் 'தைவத்தின்டெ விக்ருதிகள்' படத்துக்காகவும் கேரள அரசின் சிறந்த நடிகை விருது பெற்றார்.

மோகன் இயக்கிய 'ரசன' தமிழ் வாசகர்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம். எழுத்தாளன் ஒருவன் (பரத் கோபி) தன் நாவலுக்கு அனுபவம் வேண்டும் என்பதற்காக மனைவியை அவளுடைய வெகுளியான அலுவலகத் தோழனுடன் (நெடுமுடி வேணு) நெருக்கமாகப் பழகச் சொல்கிறான். அவள் விளையாட்டாகத் தொடங்குகிறாள். அந்த அப்பாவி அதை உண்மை என்று நம்புகிறான். விளைவு சாவில் முடிகிறது. நடிப்பதாக நடிக்கும் பெண்ணின் வேடம் இது. எது பாவனை, எது உண்மை என்று அவளுக்கே தெரியாமல் போகும் இடம் வரை ஸ்ரீவித்யா அதைக் கொண்டு செல்கிறார். முப்பது வயதில் செய்த வேடம். தமிழில் அந்த வயதில் அவருக்கு எழுதப்பட்டவற்றில் இதன் பக்கத்தில் வைக்க ஒன்றுமில்லை.

கே.ஜி. ஜார்ஜின் 'ஆதாமின்டெ வாரியெல்லு' மூன்று பெண்களின் கதை. அதில் பணக்கார ஒப்பந்ததாரரின் மனைவி ஆலீஸாக ஸ்ரீவித்யா நடித்தார். கணவன் தொழில் ஆதாயத்துக்காக அவளைப் பயன்படுத்துகிறான். பெரிய வீடு, நகைகள், உறங்க மாத்திரைகள். ஆலீஸ் நல்லவள் அல்ல, கெட்டவளும் அல்ல. மற்றொரு பெண்ணாக நடித்தவர் சுஹாசினி. சென்னையில் வாழ்ந்த இரு தமிழ் நடிகைகள் இந்திய சினிமாவின் முக்கியமான பெண் சித்திரிப்பு ஒன்றில் நடிக்க அங்கே செல்ல வேண்டியிருந்தது.

லெனின் ராஜேந்திரனின் 'தைவத்தின்டெ விக்ருதிகள்' எம். முகுந்தனின் நாவலை அடிப்படையாகக் கொண்டது. பிரெஞ்சு ஆட்சி முடிந்தபின் மாஹேயில் தங்கிவிட்ட மந்திரவித்தைக்காரர் அல்போன்சோவாக ரகுவரன், மனைவி மேகியாக ஸ்ரீவித்யா. தமிழில் ஒருவர் வில்லன், மற்றவர் அம்மா என்று முத்திரை குத்தப்பட்டிருந்த இருவர். மேகி வறுமையில் நொடிந்துபோன பெருமிதத்தின் உருவம். 'தளபதி'க்கு அடுத்த ஆண்டு வந்த படம் இது என்பதை மறக்கக்கூடாது. கல்யாணிக்கு மறுக்கப்பட்டதெல்லாம் மேகிக்கு இருக்கிறது: எரிச்சல், பொய், கனவு, பழைய நாட்களின் கர்வம்.

மலையாளம் அவரைத் தாயாக்கவில்லை என்று சொல்ல முடியாது. 'எண்டெ சூர்யபுத்ரிக்கு' (1991), 'பவித்ரம்' (1994) ஆகியவற்றில் தாய்தான். ஆனால் 'பவித்ரம்' படத்தின் தாய், வளர்ந்த மகன்கள் இருக்கும் வயதில் கர்ப்பம் தரிப்பவள். கணவன் மீது அவளுக்கு இன்னும் ஆசை இருக்கிறது. அதைச் சொல்ல வெட்கமும் இருக்கிறது. தாய்க்கும் உடல் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட வேடம். ஃபாசிலின் 'அனியத்திப்ராவு' (1997), அதன் தமிழ் வடிவமான 'காதலுக்கு மரியாதை' இரண்டிலும் நாயகனின் தாய் அவரே. தமிழில் தந்தையாக வந்தவர் 'சொல்லத்தான் நினைக்கிறேன்' சிவகுமார். இறுதிக் காட்சியில் கே.பி.ஏ.சி. லலிதாவும் ஸ்ரீவித்யாவும் பேசிக்கொள்ளும் சில வரிகளில்தான் அந்தப் படம் முழுவதும் நிற்கிறது. காதலர்கள் அங்கே வெறும் சாட்சிகள்.

தொலைக்காட்சி, இறுதிக்காலம்

திருமணம் முறிந்தபின் சென்னை வீடு தொடர்பாக ஸ்ரீவித்யா நீண்ட வழக்கு நடத்த வேண்டியிருந்தது. பின்னர் திருவனந்தபுரத்தில் குடியேறினார். இறுதி ஆண்டுகளில் மலையாளத் தொலைக்காட்சியில் நடித்தார். 'அவிசாரிதம்' தொடருக்காக 2004-ல் கேரள அரசின் தொலைக்காட்சி விருது கிடைத்தது. தொடர்களில் முகத்தை மிக நெருக்கத்தில் காட்டுவார்கள். ஒரு உணர்ச்சியை நீட்டி நீட்டிக் காட்டச் சொல்வார்கள். அந்த ஊடகத்திலும் அவர் குறைத்தே நடித்தார். புற்றுநோயால் 2006 அக்டோபர் 19 அன்று காலமானார். அரசு மரியாதையுடன் திருவனந்தபுரத்தில் தகனம் செய்யப்பட்டார்.

2008-ல் ரஞ்சித் இயக்கிய 'திரக்கத' அவருடைய வாழ்க்கையைத் தழுவியது. பிரியாமணியின் நடிப்பு பாராட்டப்பட்டது. அந்தப் படத்துக்குப் பின் ஸ்ரீவித்யா பற்றிய பேச்சு பெரும்பாலும் நிறைவேறாத காதல், தோற்ற திருமணம், நோய் என்ற மூன்றையே சுற்றி வருகிறது. நடிகையை விட்டுவிட்டு நடிகையின் துயரத்தைப் பேசும் இந்தப் பழக்கம் தமிழ்ப் பத்திரிகைகளில் இன்னும் அதிகம். தாய் வேடத்தில் அழ வைத்தவர்களும் இவர்களும் செய்வது ஏறத்தாழ ஒன்றுதான்.

அவரை முதன்முறையாகப் பார்க்க விரும்பும் மாணவர்கள் 'தளபதி'யில் தொடங்க வேண்டாம். 'அபூர்வ ராகங்கள்' படத்தில், பிரசன்னா பேசும்போது பைரவி கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளில் அவளை மட்டும் கவனித்துப் பார்க்கலாம். அடுத்து 'ரசன', பிறகு மேகி. அதன் பின் 'தளபதி'யின் கோயில் காட்சிக்கு வந்தால், கல்யாணியின் மௌனத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியும்.